கதிரொளியில் மருந்து கண்டவர்

ஞாயிற்றின் ஒளியால் உலகம் வாழ்கின்றது. பயிர் தழைப்பதும் மலர் விரிவதும் உயிர்கள் உணவு பெறுவதும் அவ்வொளியின் துணையால்தான். ஆயினும் உயிரை வளர்க்கும் அதே ஒளி, மிகுமாயின் தளிரைக் கருக்கும். மனிதர் தோலைச் சிவக்கவைத்துப் புண்ணாக்கும். கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்களைக் கூட்டம் கூட்டமாக மாய்க்கும். ஒரு பொருளே ஆக்கவும் அழிக்கவும் வல்லதாய் இருப்பது எவ்வாறு? இவ்வினாவை எழுப்பி, அதற்கு விடை காண்பதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்டவர் ஒருவர் இருந்தார். அவர் உடல்வலிமை மிக்கவர் அல்லர். இளமையிலேயே தீராத நோய்க்கு இரையானவர். பிறர் முகத்தில் ஒளி ஏற்றி வைத்துத் தாம் நாற்பத்து மூன்றாம் வயதிலேயே மறைந்தவர். நீல்ஸ் பின்சென் என்னும் அப்பெருமகனாரின் வரலாற்றை இங்குக் காண்போம்.

பிறப்பும் கல்வியும்

ஐரோப்பாவின் வடமேற்கே, அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவில், பதினெட்டுச் சிறு தீவுகள் உள்ளன. அவற்றைப் பாரோத் தீவுகள் என்பர். அவை டென்மார்க்கு அரசின் ஆட்சிக்கு உட்பட்டவை. ஓயாத காற்றும் மழையும் மூடுபனியும் அத்தீவுகளின் இயல்பு. மாரிக்காலத்தில் அங்கே பகல் ஐந்து மணி நேரமே நீடிக்கும். அந்தப் பகலிலும் கதிரவன் முகில்களுக்கு இடையே ஒளிந்து ஒளிந்தே தோன்றுவான். ஒளி அருமையாகக் கிடைக்கும் அம்மண்ணில், டோர்சவுன் என்னும் ஊரில், 1860-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 15-ஆம் நாள் பின்சென் பிறந்தார்.

அவர்தம் தந்தையார் ஐஸ்லாந்து நாட்டுக் குடும்பத்தைச் சேர்ந்தவர். தீவுகளின் ஆட்சித் துறையில் உயர் பதவி வகித்தவர். பின்சென் சிறு குழந்தையாய் இருந்தபோதே அன்னையார் இறந்துபோனார். தொடக்கக் கல்வியைப் பிறந்த ஊரிலே பெற்ற சிறுவரை, மேற்படிப்புக்காக டென்மார்க்கில் உள்ள ஒரு விடுதிப் பள்ளிக்கு அனுப்பினர். அங்கே அவருக்குப் படிப்பு நன்கு வரவில்லை. நல்ல உள்ளம் படைத்த பிள்ளை, ஆனால் அறிவும் ஊக்கமும் குறைந்தவன் என்பதே அப்பள்ளித் தலைவரின் மதிப்பீடு. ஆதலால் 1876-இல் அவர் ஐஸ்லாந்தின் தலைநகரான ரெய்க்யவிக்குக்கு அனுப்பப்பட்டார். தந்தையார் பயின்ற பழைய பள்ளியிலே அவரும் சேர்ந்தார். அங்கே அவர்தம் கல்வி ஓரளவு சீர்பட்டது. எனினும் 1882-இல் பள்ளியிறுதித் தேர்வு எழுதிய பதினைந்து பேருள் அவர் பெற்றது பதினோராம் இடமே. பிற்காலத்தில் உலகப் புகழ் பெறப்போகும் அறிஞர் இவர் என்று அன்று எவரும் எண்ணியிருக்க இயலாது.

அவ்வாண்டிலேயே அவர் கோபன்ஹேகன் நகரம் சென்று, அங்குள்ள பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலத் தொடங்கினார். 1890-இல் பட்டம் பெற்றார். உடனே உடற்கூற்றுத் துறையில் மாணவர்க்கு அறுவைப் பயிற்சி அளிக்கும் ஆசிரியப் பணி அவருக்குக் கிடைத்தது. 1892-இல் இங்கெபோர்கு என்னும் நங்கையாரை மணந்தார். பின்சென் நோயுற்ற நாள்களிலெல்லாம் அவ்வம்மையாரே அவருக்கு உறுதுணையாய் நின்றார்.

நோயும் வினாவும்

மருத்துவம் பயிலத் தொடங்கிய மறு ஆண்டே, அஃதாவது 1883-இல், பின்செனின் உடலில் கொடிய நோய் ஒன்று தலைகாட்டியது. இதயத்தையும் கல்லீரலையும் மண்ணீரலையும் சூழ்ந்துள்ள மெல்லிய சவ்வுகள் நாளடைவில் தடித்து இறுகும் நோய் அது. அவ்வாறு இறுகுவதால் உறுப்புகள் தம் தொழிலைச் செவ்வனே செய்ய இயலாது. வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். உடல் சோர்ந்து மெலியும். அந்நோய்க்கு அக்காலத்தில் மருந்து இல்லை. தம் நோய் தீராது என்பதை மருத்துவ மாணவராகிய அவர் மெல்ல மெல்ல உணர்ந்தார்.

அவர் தங்கியிருந்த அறை வடக்கு நோக்கியது. வெயில் அதனுள் புகுவதே இல்லை. குருதி குன்றிச் சோர்வுற்றிருந்த அவருக்கு, கதிரொளி கிடைத்தால் உடல் தேறும் என்று தோன்றியது. வாய்த்தபோதெல்லாம் வெயிலில் அமர்ந்தார். அவ்வாறு அமர்ந்தபோது உடலும் உள்ளமும் தெளிவடைவதாக உணர்ந்தார். பிறர் ஆயின் அவ்வளவோடு அமைந்திருப்பர். பின்செனோ, இவ்வுணர்வு வெறும் மயக்கமா, அன்றி ஒளிக்கு உடலின்மீது மெய்யாகவே ஓர் ஆற்றல் உண்டா என்று வினவத் தொடங்கினார்.

விடை தேடி அவர் நூல்களைப் புரட்டினார். பயன் தரும் செய்தி மிகுதியாகக் கிடைக்கவில்லை. ஆகவே உயிரினங்களைக் கூர்ந்து நோக்கலானார். வெயில் காயும் கூரையின்மேல் பூனை ஒன்று படுத்திருக்கும். நிழல் நகர்ந்து அதனை அணுகுந்தோறும் பூனையும் எழுந்து வெயில் உள்ள இடத்துக்கு நகர்ந்து படுக்கும். இதனை அவர் கண்டு சிந்தித்தார் என்பர். நீரில் வாழும் சாலமாந்தர் என்னும் பல்லி போன்ற உயிரின் கருக்களின்மீது ஒளி பட்டபோது, அவை துள்ளி அசைவதையும் அவர் கண்டார். ஒளி, கண்ணுக்குக் காட்சி தருவது மட்டுமன்று. உயிர்த் திசுக்களைத் தூண்டும் ஆற்றலும் அதற்கு உண்டு என்னும் கருத்து அவர் நெஞ்சில் வேரூன்றியது.

கதிர்களைப் பிரித்தறிதல்

முப்பட்டைக் கண்ணாடியின் ஊடே வெயிலைச் செலுத்தினால் அது சிவப்பு முதல் ஊதா வரை ஏழு நிறமாகப் பிரிவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அந்நிறங்களோடு ஒளி முடிந்துவிடுவதில்லை. சிவப்புக்கு அப்பால் வெப்பம் தரும் கதிர்கள் உள்ளன என்பதை 1800-இல் எர்செல் என்னும் வானநூல் அறிஞர் கண்டார். மறு ஆண்டே, செருமானிய அறிஞர் ரிட்டர், ஊதா நிறத்துக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வெள்ளி உப்பை வைத்தார். அஃது ஏனைய இடங்களைக் காட்டிலும் விரைந்து கருத்தது. இவ்வாறு வெளிப்பட்டவையே புற ஊதாக் கதிர்கள். வேதியல் மாற்றங்களை எளிதில் விளைத்தலால் ஊதா, புற ஊதாக் கதிர்களை அக்காலத்தார் வேதியல் கதிர்கள் என அழைத்தனர். 1877-இல் இங்கிலாந்து நாட்டு அறிஞர் இருவர், வெயில் பட்ட நீர்மங்களில் நுண்ணுயிர்கள் வளர்வதில்லை எனக் காட்டினர்.

பின்சென் இச்செய்திகளை ஒருங்கே வைத்து எண்ணினார். ஒளி நன்மை செய்கிறது, தீமை செய்கிறது என்று பொதுப்படக் கூறுவதில் பயன் இல்லை. எந்தக் கதிர் எதனைச் செய்கிறது என்று தனித்தனியே அறிதல் வேண்டும். இதுவே அவர் கண்ட நெறி.

முதற்சோதனைக்குத் தம் உடலையே களமாக்கினார். முன்கையில் கரிய மையினால் ஒரு பட்டை தீட்டிக்கொண்டு, கடும் வெயிலில் அக்கையை நெடுநேரம் காட்டினார். பின்னர் மையைக் கழுவியபோது, அதன் கீழிருந்த தோல் வெண்மையாகவே இருந்தது. இரு பக்கமும் இருந்த தோலோ சிவந்து வீங்கியது. சில நாளில் அச்சிவப்பு மாறிப் பழுப்பு நிறம் படிந்தது. மீண்டும் அக்கையை மை பூசாமல் வெயிலில் காட்டினார். இம்முறை முன்னர் வெண்மையாய் இருந்த பட்டை மட்டும் சிவந்து புண்பட்டது. பழுப்பேறிய பகுதி ஊறின்றித் தப்பியது. தோலில் படியும் கருநிறம் அழகுக்கோ அழகின்மைக்கோ அமைந்தது அன்று. வெயிலின் கூரிய கதிர்களைத் தடுக்கும் கேடயம் அது என்பது இச்சோதனையால் விளங்கிற்று.

இவ்வாராய்ச்சிக்கே தம் நேரம் முழுவதும் தேவை எனக் கண்ட பின்சென், 1893-இல் பல்கலைக்கழக ஆசிரியப் பதவியைத் துறந்தார். நோயாளியாகிய ஒருவர் நிலையான ஊதியத்தை விட்டு விலகுதல் எளிய செயல் அன்று. ஆயினும் எஞ்சியுள்ள நாள்கள் சில என்பதை அறிந்தமையாலேயே, அவற்றை வீணாக்க அவர் விரும்பவில்லை.

சிவப்பு அறை

அதே ஆண்டில், ஒளி தோலின்மீது விளைக்கும் பயன்களைப் பற்றி அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். அக்காலத்தில் பெரியம்மை ஐரோப்பாவிலும் மக்களை வாட்டியது. அம்மைக் கொப்புளங்கள் முகத்திலும் கைகளிலுமே மிகுந்த வடுவை உண்டாக்குவதை அவர் கருதிப் பார்த்தார். அவ்வுறுப்புகள்தாம் ஒளி படும்படி திறந்திருப்பவை. ஆகவே சன்னல்களில் சிவப்புத் திரை இட்டு, வேதியல் கதிர்கள் நோயாளியை அணுகாமல் தடுத்தால் வடு குறையும் என்று அவர் அறிவுறுத்தினார். நார்வே நாட்டு மருத்துவர்கள் இம்முறையைக் கையாண்டு, நற்பயன் கண்டதாக அறிவித்தனர். பிற்கால மருத்துவர்கள் இம்முறையின் பயனை உறுதியாக ஏற்கவில்லை. பெரியம்மையோ, தடுப்பூசியின் ஆற்றலால் உலகினின்றே ஒழிந்துவிட்டதாக 1980-இல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆயினும் சிவப்பு அறையின் வாயிலாகப் பின்செனின் பெயர் மருத்துவ உலகிற்கு அறிமுகமாயிற்று. தீய கதிரை விலக்குவது எப்படி என்று எண்ணியவர், அடுத்து அக்கதிரையே மருந்தாக்குவது எப்படி என்று எண்ணலானார்.

ஓநாய் என்னும் நோய்

காசநோய்க் கிருமி நுரையீரலை மட்டுமன்றித் தோலையும் பற்றுவது உண்டு. தோலைப் பற்றும் காசநோய்க்கு லூபஸ் என்று பெயர். இலத்தீன் மொழியில் அச்சொல்லுக்கு ஓநாய் என்பது பொருள். ஓநாய் கடித்துக் குதறியதுபோல் முகத்தைத் தின்று அழிப்பதால் அந்நோய் அப்பெயர் பெற்றது. சிறு கொப்புளமாகத் தொடங்கிப் பல்லாண்டுகள் மெல்லப் பரவி, மூக்கையும் உதட்டையும் கன்னத்தையும் அது சிதைத்துவிடும். உயிரை உடனே பறிக்காது. ஆனால் வாழ்வைப் பறித்துவிடும். அந்நோயுற்றோர் வேலை பெறமாட்டார், மணம் பெறமாட்டார், பிறர் முன் வர நாணிக் கதவடைத்து வாழ்வர். சூட்டுக்கோலால் சுடுதலும் கத்தியால் சுரண்டுதலுமே அந்நாளைய மருத்துவம். அவற்றால் வடு மிகுமேயன்றி நோய் முற்றும் நீங்குவது அரிது.

ஒளி நுண்ணுயிரைக் கொல்லுமாயின், தோலில் உறையும் இக்கிருமியையும் கொல்லாதோ என்று பின்சென் எண்ணினார். ஆனால் இடையூறுகள் இரண்டு இருந்தன. செறிந்த ஒளியோடு வெப்பமும் சேர்ந்து வருமாதலால் தோல் வெந்துவிடும் என்பது ஒன்று. கிருமி தோலின் ஆழத்தில் மறைந்திருக்க, ஒளி மேற்பரப்பிலேயே நின்றுவிடும் என்பது மற்றொன்று.

முதல் இடையூறை நீக்க, ஒளி வரும் வழியில் குளிர்ந்த நீரை நிறுத்தினார். நீர் வெப்பக் கதிர்களை விழுங்கிக்கொண்டது. ஒளிக்கதிர்கள் கடந்து சென்றன. இரண்டாம் இடையூறுக்கு விடை காண அவர் செய்த சோதனை எளிமையும் நுட்பமும் வாய்ந்தது. காதுமடலின் ஒரு புறம் ஒளியைச் செலுத்தி, மறுபுறம் ஒளிபட்டால் கருக்கும் தாளை வைத்தார். தாள் கருக்கவில்லை. பின்னர் மடலை இரு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே வைத்து அழுத்தி, அதிலுள்ள குருதியை அகற்றினார். இப்போது தாள் விரைந்து கருத்தது. ஒளியைத் தடுத்து நிறுத்துவது சிவந்த குருதியே என்பது தெளிவாயிற்று. ஆகவே நோயுற்ற இடத்தைப் படிகக்கல் தகட்டால் அழுத்திக் குருதியை ஒதுக்கினால் ஒளி ஆழமாகப் பாயும் என்று அவர் துணிந்தார்.

1895-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், முகத்தில் லூபஸ் பற்றிய பொறியாளர் ஒருவர் அவரிடம் வந்தார். பல்லாண்டுகள் பல மருத்துவம் செய்தும் அவர் நோய் அடங்கவில்லை. கோபன்ஹேகன் மின்விளக்கு நிலையத்தில் இருந்த ஆற்றல் மிக்க மின்வில் விளக்கைக் கொண்டு பின்சென் மருத்துவம் தொடங்கினார். இரு கரித்துண்டுகளுக்கு இடையே மின்சாரம் வில்போல் தாவி எரிகையில் எழும் கண்கூசும் ஒளியே மின்வில் ஒளியாகும். நாள்தோறும் சிறிது சிறிதாக நோயிடத்தின்மீது அவ்வொளியைக் குவித்தார். சில திங்களில் புண் ஆறியது. பரவி வந்த நோய் நின்றது. ஓநாயின் வாயினின்று ஒரு முகம் மீட்கப்பட்டது.

ஒளி மருத்துவ நிலையம்

இச்செய்தி நகரெங்கும் பரவியது. செல்வர் சிலரும் பின்னர் அரசும் பொருளுதவி புரிய, 1896-இல் கோபன்ஹேகனில் ஒளி மருத்துவ நிலையம் நிறுவப்பட்டது. பின்சென் அதன் தலைவரானார். அதுவரை வீட்டுக்குள் மறைந்து வாழ்ந்தோர், முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு, தொலைவான ஊர்களிலிருந்தெல்லாம் அங்கு வந்து குழுமினர்.

நிலையத்தின் காட்சி வியத்தற்குரியது. கூடத்தின் நடுவே பெரிய மின்வில் விளக்கு தொங்கும். அதனின்று நான்கு குழாய்கள் நான்கு திசையில் சரிந்து இறங்கும். ஒவ்வொரு குழாயிலும் படிகக்கல் வில்லைகளும் குளிர்நீரும் அமைந்திருக்கும். சாதாரணக் கண்ணாடி புற ஊதாக் கதிர்களைப் பெரிதும் தடுத்துவிடுமாதலின் படிகக்கல் பயன்படுத்தப்பட்டது. ஒவ்வொரு குழாயின் கீழும் ஒரு நோயாளி படுத்திருப்பார். அருகில் ஒரு செவிலி அமர்ந்து, படிகக்கல் தகட்டை நோயிடத்தில் அசையாது அழுத்திப் பிடித்திருப்பார். ஒரு வேளைக்குச் சிறு நாணயத்தின் அளவான இடத்துக்கே மருத்துவம் செய்ய இயலும். அதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். முகம் முழுவதும் குணமாகத் திங்கள் பல கழியும். சிலர்க்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும். விளக்கைக் கண்டவர் பின்சென். ஆயினும் அவ்வொளியைப் பயனுறச் செய்தது பெயர் அறியாச் செவிலியரின் பொறுமையே எனலாம்.

முதல் ஐந்தாண்டுகளில் எண்ணூறுக்கு மேற்பட்ட லூபஸ் நோயாளிகள் அங்கே மருத்துவம் பெற்றனர். அவர்களுள் பெரும்பாலோர் நலம் பெற்றனர். பிற நாட்டு மருத்துவர்கள் வந்து கற்றுச் சென்றனர். டென்மார்க்கில் பிறந்து இங்கிலாந்தின் இளவரசியாய் விளங்கிய அலெக்சாந்திரா அம்மையார், 1900-இல் இலண்டன் மருத்துவமனைக்குப் பின்சென் விளக்கு ஒன்றை வழங்கினார்.

இறுதி ஆண்டுகள்

நூற்றுக்கணக்கானவரை நலமாக்கிய அம்மருத்துவரின் உடலோ நாளுக்கு நாள் நலிந்தது. ஒளி அவருடைய நோயைத் தீர்க்கவில்லை. வயிற்றில் கோத்த நீரைப் பலமுறை வெளியேற்ற வேண்டியிருந்தது. இறுதிக் காலத்தில் சக்கர நாற்காலியே அவருக்குக் கால்களாயிற்று. நாளில் சில மணி நேரமே உழைக்க முடிந்தது. எனினும் அவர் மனம் சோரவில்லை. தம் நோயையும் ஓர் ஆராய்ச்சிப் பொருளாகவே கொண்டார். உண்ணும் உணவையும் பருகும் நீரையும் நிறுத்துக் கணக்கிட்டார். உப்பு உடலில் தங்குவதால் நீர் கோக்கிறது எனக் கண்டு, உப்பைக் குறைத்து உண்டார். கண்ட முடிவை 1904-இல் கட்டுரையாக எழுதி வெளியிட்டார்.

1903-ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபெல் பரிசு பின்செனுக்கு வழங்கப்பட்டது. டென்மார்க்கு நாட்டினருள் நோபெல் பரிசு பெற்ற முதல்வர் அவரே. பரிசு பெறப் பயணம் செய்யவும் அவர் உடல் இடந்தரவில்லை. பரிசுத் தொகையிலிருந்து 50,000 குரோனரை ஒளி மருத்துவ நிலையத்துக்கே அளித்தார். மறு ஆண்டு, 1904 செப்டம்பர்த் திங்கள் 24-ஆம் நாள், அவ்விளக்கு அணைந்தது. கோபன்ஹேகனில் அவர் நினைவாக ருடால்பு டெக்னர் என்னும் சிற்பி 1909-இல் ஒரு சிலை வடித்தார். ஒளியை நோக்கிக் கைகளை உயர்த்தி நிற்கும் மனித உருவங்களைக் காட்டுவது அச்சிலை.

அவருக்குப் பின்

பின்சென் மறைந்து நாற்பது ஆண்டுகள் கழிந்தபின், லூபஸ் நோய்க்கு எளிய மருந்துகள் தோன்றின. ஸ்ட்ரெப்டோமைசிஸ் கிரிசியஸ் என்னும் மண்வாழ் நுண்ணுயிரிலிருந்து 1943-இல் ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் மருந்து அமெரிக்காவில் பிரித்தெடுக்கப்பட்டது. காசநோயை வெல்லும் இம்மருந்தும் இதனைத் தொடர்ந்து வந்த பிற மருந்துகளும் பெருகவே, பின்சென் விளக்கு தன் பணி முடித்து ஓய்வு பெற்றது.

ஆயின் பின்சென் எழுப்பிய வினா ஓய்வு பெறவில்லை. விந்தை யாதெனில், அவர் விளக்குக்கு ஓய்வளித்த அதே நுண்ணுயிரே ஒளியின் மற்றொரு மறைபொருளையும் வெளிப்படுத்தியது. ஆல்பர்ட் கெல்னர் என்னும் அறிஞர் அமெரிக்காவிலுள்ள கோல்டு ஸ்பிரிங் ஆர்பர் ஆய்வு நிலையத்தில் அந்நுண்ணுயிரின் வித்துகள்மீது புற ஊதாக் கதிரைச் செலுத்தி ஆராய்ந்துவந்தார். ஒரே அளவு கதிர் பட்டும், ஒரு முறை சில வித்துகளே பிழைத்தன. மற்றொரு முறை மிகப்பல பிழைத்தன. வெப்பநிலை வேறுபாடே காரணம் என முதலில் கருதிச் சோதித்தார்; அது பொருந்தவில்லை. இறுதியில், சன்னல் வழியாக வந்த வெளிச்சம் பட்ட குடுவைகளில்தாம் வித்துகள் பிழைத்தன என்பதை 1948-இல் கண்டறிந்தார். இருளில் வைத்தவை மாண்டன. கண்ணுக்குப் புலனாகும் ஒளியில் வைத்தவை பல்லாயிரம் மடங்கு மிகுதியாக உயிர்பெற்று வளர்ந்தன. ஏறத்தாழ அதே காலத்தில், இத்தாலியில் பிறந்த டுல்பெக்கோ என்னும் அறிஞரும், நுண்ணுயிர்களைத் தாக்கும் வைரசுகளிடத்தே இவ்வுண்மையைக் கண்டார். ஒளி செய்த காயத்தை ஒளியே ஆற்றியது.

பழுது நீக்கும் ஒளி

இவ்விந்தை நிகழும் முறையை இன்று நாம் நன்கு அறிவோம். உயிரணு ஒவ்வொன்றிலும் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை உண்டு. முறுக்கிய நூலேணி போன்ற அவ்விழையில், நான்கு வகை வேதிப்பொருள்கள் எழுத்துகள்போல் வரிசையாக நின்று, உயிரின் செயல்களுக்கான கட்டளைகளைத் தாங்கியுள்ளன. அவ்வெழுத்துகளுள் தைமின் என்பது ஒன்று. இரு தைமின்கள் அடுத்தடுத்து நிற்கையில் புற ஊதாக் கதிர் அவற்றைத் தாக்கினால், அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஓலைச்சுவடியில் இரண்டு எழுத்துகள் மைபரவிக் கலந்தால் படி எடுப்போன் திகைப்பதுபோல், இழையைப் படி எடுக்கும் உயிரணுவும் அவ்விடத்தில் திகைத்து நின்றுவிடும். அல்லது பிழையாகப் படி எடுத்துவிடும். முன்னதால் உயிரணு மாளும். பின்னதால் காலப்போக்கில் புற்றுநோயும் விளையக்கூடும்.

இப்பழுதை நீக்க உயிரினங்கள் பலவற்றில் ஒரு நொதி உள்ளது. உடலில் வேதியல் மாற்றங்களை விரைவுபடுத்தும் புரதங்களை நொதிகள் என்கிறோம். ஒட்டியதை ஒளியால் பிரிக்கும் இந்நொதிக்கு போட்டோலையேஸ் என்று பெயர். உயிரணுவிலிருந்து எடுத்த சாற்றினாலும் இப்பழுது நீங்குவதை ரூப்பர்ட் முதலிய அறிஞர்கள் 1958-இல் மெய்ப்பித்தனர். இந்நொதி இருளிலும் இழையைத் தடவிச் சென்று பழுதுற்ற இடத்தைப் பற்றிக்கொள்ளும்; ஆனால் ஒளி வரும்வரை காத்திருக்கும். நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு. அவ்வளவையால் 350 முதல் 450 வரை அலைநீளம் கொண்ட ஊதாவும் நீலமும் ஒத்த ஒளி பட்டவுடன், நொதியில் அமைந்துள்ள ஒரு சிறு மூலக்கூறு அதனைப் பற்றும். அதன் ஆற்றல், வைட்டமின் பி-2 வழிவந்த மற்றொரு மூலக்கூறுக்குச் செல்லும். அஃது ஓர் எலக்ட்ரானைப் பழுதுற்ற தைமின்களுக்கு ஈயும். உடனே ஒட்டு விடுபட்டு, இரு தைமின்களும் முன்போல் தனித்து நிற்கும். ஈந்த எலக்ட்ரானும் மீண்டுவிடும். இத்துணையும் ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு காலத்துக்குள் நடந்தேறும்.

துருக்கி நாட்டுச் சிற்றூர் ஒன்றில் மருத்துவராய்ப் பணியாற்றிப் பின் அமெரிக்கா சென்ற அசீஸ் சன்சார் என்பார், இந்நொதியின் செயலைப் பல்லாண்டு ஆராய்ந்தார். டி.என்.ஏ. பழுது நீக்கத்தை விளக்கியமைக்காக 2015-இல் வேதியலுக்கான நோபெல் பரிசு அவருக்கும் வேறு இருவர்க்கும் பகிர்ந்து அளிக்கப்பட்டது. வெயில் படும் நீரில் முட்டையிடும் தவளை இனங்கள் சிலவற்றின் முட்டைகளில் இந்நொதி மிகுந்திருப்பதை 1994-இல் அறிஞர்கள் கண்டனர். செடிகளும் மீன்களும் பறவைகளும் கங்காருவும் இதனைப் பெற்றுள்ளன. மனிதர்க்கோ இந்நொதி இல்லை. நம் உயிரணுக்கள், பழுதுற்ற பகுதியை முப்பது எழுத்தளவு வெட்டி எறிந்து, எதிர் இழையைப் பார்த்துப் புதிதாக எழுதிக்கொள்கின்றன. இவ்வாற்றல் பிறவியிலேயே குறைந்த குழந்தைகள் சிறிது வெயிலையும் தாங்கமாட்டார்கள். அக்குறையே அவர்தம் நோய்க்குக் காரணம் என்பது 1968-இல் வெளிப்பட்டது.

பின்செனின் விளக்கு கிருமிகளைக் கொன்றது எவ்வாறு என்பதும் அண்மைக்காலத்தில் தெளிந்தது. 2005-இல் டென்மார்க்கு ஆராய்ச்சியாளர்கள் பழைய விளக்கின் வில்லைகளையும் வடிகட்டிகளையும் எடுத்து அளந்து பார்த்தனர். டி.என்.ஏ.-வை மிகுதியாகத் தாக்கும் குறுகிய கதிர்கள் அவற்றைக் கடந்து வரவில்லை. நீண்ட புற ஊதாக் கதிர்களும் ஊதா ஒளியுமே தோலை அடைந்தன. காசநோய்க் கிருமியின் உடலில் இயல்பாக உள்ள போர்பிரின் என்னும் பொருள் அவ்வொளியை விழுங்கி, கொடிய வகை ஆக்சிசனைத் தோற்றுவிக்கின்றது. அதனால் கிருமி மாய்கின்றது என அவர்கள் விளக்கினர். ஒளிக்குக் கிருமியைக் கொல்லும் ஆற்றல் உண்டு என்னும் பின்செனின் முடிவு நிலைத்தது; அதன் வழி மட்டும் அவர் எண்ணியதினும் நுட்பமாய் அமைந்திருந்தது.

முடிவுரை

ஒளியை வாழ்த்தியோர் உலகில் பலர். ஒளிக்கு அஞ்சியோரும் பலர். பின்சென் வாழ்த்துவதோடும் அஞ்சுவதோடும் நில்லாது, எந்தக் கதிர், எவ்வளவு, எதன்மீது, என்ன செய்கிறது என்று வினவினார். அவ்வினாவே சிதைந்த முகங்களை மீட்டது. அவ்வினாவின் வழியே சென்ற பின்னோர், காயம் செய்யும் ஒளிக்குள் காயம் ஆற்றும் ஒளியும் உண்டு என்று கண்டனர். வகுப்பில் பிற்பட்ட மாணவர், உடலால் நலிந்த நோயாளி, ஒளி குன்றிய தீவில் பிறந்தவர் என்னும் குறைகள் அவரைத் தடுக்கவில்லை. தமக்குப் பயன்படாத மருந்தைப் பிறர்க்காகத் தேடிக் கண்ட அவர்தம் உள்ளமே, அவர் ஏற்றிய விளக்கினும் பெரியது. காண்பதை வினவும் கண்ணும், தன் துன்பத்திலும் பிறர் துன்பம் நினைக்கும் நெஞ்சும் நாம் பெறுவோமாக.